பழைய கேஸ் எடுத்துக்கொள்ளப்படும்

எந்த கேஸ் என்று கேட்காமலே ஒரு கேஸ் கம்பெனியில் பணம் போட்ட ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால், அதுவரை நீங்கள் என்னை மதித்துப் படித்ததெல்லாம் வீணாகிவிடும்.

விழுப்புரத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி. ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் எனக்கு வேலை உண்டு. வருடக்கணக்காக மற்றவர்கள் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்', 'நிறுவனர்', 'தலைவர்' என்று அடித்துக் கொடுத்ததில், நம் பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லையே என்று உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருந்திருக்கிறது. அது எனக்கே தெரியாது. அன்று கடைக்கு வந்தவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவர் அனந்தபுரம் பக்கத்துக்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, சேர்த்ததையெல்லாம் திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் இறக்கியிருந்தார். விசிட்டிங் கார்டு அடிக்க வந்திருந்தார். கம்பெனிப் பெயருக்குக் கீழே 'கேஸ் மறுசுழற்சி' என்று போடச் சொன்னார். போட்டேன். என் கையாலேயே எழுத்துக் கோத்து, என் கண்ணாலேயே பிழை திருத்தி. என் புத்தியில் ஓடியது இதுதான்: வீட்டிலிருந்து காலி சிலிண்டர் போகிறது, ரொம்பிய சிலிண்டர் வருகிறது, மறுபடி காலியாகிப் போகிறது. இதைவிடப் பெரிய சுழற்சி உலகத்தில் எது? அடுப்பு எரிகிற வரைக்கும் இந்த வியாபாரத்துக்கு அழிவில்லை.

"ஒளிக்காம சொல்றேன் சார்" என்றார் அவர். "கம்பெனி படுத்துக்கினு இருக்குது. ஒரு கை குடுத்தா எழுந்துக்கும். குடுத்தீங்கன்னா உங்களையும் பங்குதாரரா போட்டுக்கறேன்."

படுத்துக்கினு இருக்குது என்பது என் காதில் விழவில்லை. பங்குதாரர் என்பது மட்டும் விழுந்தது. அவர் கார்டை அடித்த கையோடு எனக்கும் ஐந்நூறு கார்டு அடித்துக்கொண்டேன். என் பெயர், கீழே 'பங்குதாரர்'. அந்த ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன். அதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் இரண்டுக்கு மேல் மாற்றியதில்லை.

போட்ட பணத்தில் ஒரு பங்கு என்னுடையது. எதற்கென்று இல்லாமல் சேர்த்தது. இன்னொரு பங்கு என் மனைவியுடையது. ஏசிக்கென்றே சேர்த்தது.

அவள் ரவிக்கை தைப்பவள். மேற்குப் பார்த்த மாடி அறையில்தான் தையல். மத்தியானத்துக்கு மேல் அந்த அறையில் மிஷின் இரும்பைத் தொட்டால் சுடும். ஃபேன் போட்டால் கூரையில் இருக்கிற சூட்டையெல்லாம் திரட்டித் தலைமேல் இறக்கும். அதுகூடப் பரவாயில்லை. முகூர்த்தப் பட்டின் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் கறை நின்றுவிடும். அப்புறம் அந்தத் துணிக்கு இவள்தான் பதில் சொல்லவேண்டும். அதனால் கோடையில் வருகிற பட்டு ரவிக்கைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். பட்டு ரவிக்கைகள் வருவதே கோடையில்தான்.

"ஆறே மாசம்" என்றேன். "அப்புறம் ஒண்ணுக்கு ரெண்டா மாட்டலாம்."

அவள் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டெல்லாம் வாணாம். வர்ற கத்திரிக்குள்ள இந்த ரூம்ல ஒண்ணு ஓடணும். இல்லன்னா கத்திரி முடியிற வரைக்கும் நீங்க இங்க உக்காந்து காஜா கட்டுங்க, நான் போயி உங்க கடையில உக்காந்துக்கறேன்."

அக்கினி நட்சத்திரத்தைத்தான் எங்கள் பக்கம் கத்திரி என்போம். சரி என்று தலையாட்டினேன்.

பங்குதாரர் என்ற முறையில் கம்பெனியைப் பார்க்க முதல் தடவை திண்டிவனம் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இருபது கார்டு. அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நடுவில் பீரோ உயரத்துக்கு ஒரு மிஷின், மேலே போர்வை போர்த்தியிருந்தது. அதன் நிழலில் ஒரு மெக்கானிக் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனிக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். என்னிடம் கார்டு அடித்த முதலாளி எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நமக்கு மொத்தம் எத்தினி கனெக்‌ஷன் இருக்குது?" என்றேன், கால்மேல் கால் போட்டு.

"இன்னா கனெக்‌ஷன் சார்?"

"கேஸ் கனெக்‌ஷன்."

முதலாளி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் பேப்பரை மடித்தார்.

"சார்" என்றார் மெக்கானிக், ரொம்ப மரியாதையாக. "இது ஏசி கேஸு. ஃப்ரிட்ஜ் கேஸு. இதுல டீ போட முடியாது."

மேலிருந்த காலைக் கீழே இறக்கினேன்.

முதலாளி பொறுமையாக விளக்கினார். ஏசியைக் குளிர வைப்பது உள்ளே சுற்றுகிற கேஸ். மிஷினைக் கழற்றும்போதோ பழுது பார்க்கும்போதோ பழைய கேஸை வெளியே எடுக்கவேண்டும். அதை உறிஞ்சி சிலிண்டரில் பிடித்துக் கொண்டுவந்தால், போர்வை போர்த்திய இந்த மிஷின் அதிலுள்ள எண்ணெய், ஈரம், அழுக்கையெல்லாம் பிரித்துப் புதுசு போல ஆக்கிவிடும். அதைப் புது கேஸைவிட மலிவாக விற்கலாம். மிஷின் நல்ல மிஷின். வாங்குவதற்கும் ஆள் உண்டு.

"அப்புறம் ஏன் படுத்துக்கினு இருக்குது?"

"பழைய கேஸு வரல சார். மெக்கானிக்குங்க எல்லாம் காத்துல உட்டுடறாங்க. வீட்டைக் குளிர வைக்கிறது வெளிய போனா ஊரையே சூடாக்கும். சொன்னா எவன் கேக்குறான்?"

"ஏன் உடறாங்க?"

இதற்கு மெக்கானிக் பதில் சொன்னார். "வீட்டுக்காரங்க உட்டாதான் நம்புறாங்க சார். திருகைத் தொறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வரும், வெள்ளையா பொகை வரும். அதப் பாத்தாதான் பழசு போச்சுன்னு நம்பிக்கை. சத்தமில்லாம உறிஞ்சி சிலிண்டர்ல ஏத்துனா, 'இன்னாப்பா, ஒண்ணுமே பண்ணல, புது கேஸுக்கு காசு கேக்குற'ன்னு சண்டைக்கு வர்றாங்க. இவுங்களுக்கு அந்தப் புஸ்ஸு வேணும்."

ஆக, ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் என் கம்பெனியின் சரக்கை வானத்தில் விடச் சொல்லிக் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தன் முடிவையும் சொல்லிவிட்டார். "கத்திரி வரைக்கும் பாப்பேன் சார். அதுக்கப்புறம் மிஷினை வித்துட்டு மல்லாட்டை போடப் போயிடுவேன்." எல்லோருக்கும் கத்திரிதான் கெடு வைக்கக் கிடைத்தது.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது, "இன்னைக்கு எவ்ளோ அடுப்பு எரிஞ்சுது?" என்று கேட்டாள். முதலாளி போனில் கூப்பிட்டிருக்கிறார், இவள் எடுத்திருக்கிறாள்.

கம்பெனியைத் தூக்கி நிறுத்துவது பங்குதாரரின் கடமை. என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அச்சு. தை மாதத்தில், முதலாளியைக் கேட்காமலே, ஒரு நோட்டீஸ் அடித்தேன். மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில்:

'பழைய கேஸ் எடுத்துக்கொள்ளப்படும். எத்தனை வருடப் பழையதாக இருந்தாலும் கவலை வேண்டாம். இழுபறி இல்லை. கைமேல் பணம்.'

கீழே என் கடை முகவரி. கடை கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் காலையில் முகையூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, கையில் புடைத்த மஞ்சள் பை, இன்னொரு கையில் என் நோட்டீஸ்.

"இது போட்டது நீதானேப்பா?"

"ஆமாங்க. உக்காருங்க."

"எவ்ளோ பழசு வரைக்கும் எடுப்ப?"

"எவ்ளோ பழசா இருந்தாலும் பரவால்லீங்க. எத்தினி கிலோ இருக்கும்?"

அவர் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "ரெண்டு கிலோ வரும். மிச்சம் வக்கீல் வூட்ல இருக்குது."

வக்கீல் வீட்டு ஏசி போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். "லீக் ஆவுதுங்களா?"

"ஆவாம? நாம இங்க ஒண்ணு பேசுனா பங்காளிக்கு ஒடனே தெரிஞ்சிடுது."

"சரிங்க. எதுல இருந்து எடுத்தது? ஏசியா, ஃப்ரிட்ஜா?"

"வரப்புல."

பேனாவை வைத்தேன். அவர் பையைக் கவிழ்த்தார். பத்திரம், வரைபடம், வாய்தா சீட்டு, கோர்ட் முத்திரை குத்திய காகிதங்கள். ஒரு முழம் வரப்புக்காகப் பதினொரு வருடமாக ஓடுகிற கேஸ். இழுபறி இல்லாமல் யாரோ எடுத்துக்கொண்டு கைமேல் பணமும் தருகிறார்கள் என்று முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

காலில் விழாத குறையாக விளக்கினேன். அவர் ஒவ்வொரு காகிதமாகப் பைக்குள் அடுக்கினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"வெறும் காத்துக்குப் பணம் குடுப்ப. பதினொரு வருஷ கேஸுக்குக் குடுக்க மாட்ட. நல்லா இருப்பா."

அந்த வாரத்தில் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு வரப்பு, ஒரு ஜீவனாம்சம், ஒரு காசோலை. ஐந்தாவது ஆள் கொண்டுவந்தது நிஜமாகவே கேஸ், சமையல் கேஸ், பாதி இருந்தது. விஷயம் வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

"வயித்து கேஸோட யாரும் வரலியா?" என்றாள் மனைவி.

மிச்ச நோட்டீஸை அவளே வாங்கிக்கொண்டாள், வெட்டுவதற்கு முன்னால் அளவு வரைந்து பார்க்க. என் கார்டுகளும் அதற்குள் அவள் கைக்குப் போயிருந்தன. ஐந்நூறில் நான்கு பேருக்குத்தான் கொடுத்திருந்தேன், அதில் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்பக்கம் என் பெயரும் 'பங்குதாரர்' என்ற பட்டமும் இருக்கும். பின்பக்கம் அவள் கையெழுத்தில் 'முதுகு பதினாலு, கை எட்டு, நாட் வேணும்' என்று இருக்கும். அதைக் குண்டூசியால் துணியில் குத்தி வைப்பாள். விழுப்புரத்தில் பாதிப் பெண்களின் ரவிக்கையில் கொஞ்ச நாள் நான் பங்குதாரராக இருந்திருக்கிறேன்.

பங்குனியில் வெயில் முன்னதாகவே ஏறிவிட்டது. ஒருநாள் மத்தியானம் மாடியிலிருந்து மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. போய்ப் பார்த்தேன். மாம்பழ நிறப் பட்டு, முதுகுப் பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறை. மணிக்கட்டில் துண்டு சுற்றிக்கொண்டுதான் தைத்திருக்கிறாள். வியர்வை நெற்றியிலிருந்து விழுந்துவிட்டது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கறையை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கறை விழுந்த இடத்தை, வெட்டியதில் மிஞ்சிய துணியை வைத்து மாற்றினாள். சாயங்காலம் அந்தப் பட்டைக் கொடுத்திருந்த பெண் வந்தபோது நடந்ததைச் சொல்லி, மீதித் துண்டுகளை ஒரு முடிச்சாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் முடிச்சைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சமாதானமாகிப் போனாள்.

"இந்த நூல் நூலா இருக்கிறத எதுக்குக் குடுக்கிற? அதுல இன்னா பண்ணப் போறா?" என்றேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டா. போற வழியில தூக்கிப் போட்டுடுவா. ஆனா வெட்டுன துணியக் கண்ணால காட்டாத டெய்லர எவ நம்புவா? உங்க மெக்கானிக்கும் அதானே பண்றான். உள்ள இருந்து எடுத்தத அவுங்களுக்குக் காட்டவே இல்ல. அப்புறம் புஸ்ஸு கேக்காம இன்னா கேப்பாங்க?"

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் திண்டிவனம் போய், "ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்று ஆரம்பித்து அவள் சொன்னதை என் யோசனையாகச் சொன்னேன். கேஸைக் கண்ணால் காட்ட முடியாது. எடையாகக் காட்டலாம். காலி சிலிண்டரைத் தராசில் வைத்து வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லவேண்டும். உறிஞ்சிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்லவேண்டும். ஏறியிருக்கிற எடை அவர்கள் வீட்டுப் பழைய கேஸ். அதற்கு ஒரு விலை போட்டுக் கூலியில் கழித்துவிடவேண்டும். பழைய பேப்பர்காரரின் தராசைக் குனிந்து பார்க்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது.

மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது உங்க யோசனையா சார்?"

"ஏன்?"

"இல்ல, நல்லா இருக்குது. அதான் கேட்டேன்."

முதல் சோதனை பொம்மையார்பாளையத்தில். கடலோரத்து விருந்தினர் விடுதி ஒன்றில் ஆறு ஏசி. உப்புக் காற்றில் குழாய் அரித்து அடிக்கடி பழுதாகும். தராசைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். விடுதி மேனேஜர் கைகட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஜல்தியா உடுப்பா. புஸ்ஸுன்னு போறத நான் பாக்கணும்."

"இனிமே புஸ்ஸு கெடையாது சார்" என்றேன். "எடைதான்."

உறிஞ்சுகிற மிஷின் ஓட ஆரம்பித்தது. காலி சிலிண்டரின் எடையைக் கழித்து வைத்திருந்த தராசில் சிவப்பு எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறின. நூறு கிராம், இருநூறு. மேனேஜர் குனிந்தார். சமையல்காரரைக் கூப்பிட்டார். முந்நூறு. அறை கூட்டுகிற அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்க்கப் பார்க்க, எண் திடீரென்று நாலு கிலோவுக்குத் தாவியது.

"யப்பா!" என்றார் மேனேஜர். "எங்க ஏசில இவ்ளோவா இருந்துச்சு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஏசியில் நாலு கிலோ! போட்ட பணத்தை மனசுக்குள் பெருக்க ஆரம்பித்தேன். மெக்கானிக் மட்டும் தராசைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"சார்."

"சொல்லுப்பா."

"செருப்புக்கால தராசுல இருந்து எடுங்க."

எடுத்தேன். அறுநூற்று நாற்பது கிராம். அறை கூட்டுகிற அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். ஆனால் என் மடத்தனத்தால் ஒரு நன்மை நடந்தது. கால் பட்டால்கூடக் காட்டிக்கொடுக்கிற தராசு என்று மேனேஜருக்கு அதன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. ஆறு ஏசிக்கும் பக்கத்தில் நின்று எடை பார்த்தார். கடைசியில் தன்னையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டு, பக்கத்து விடுதிக்காரருக்குப் போன் போட்டார். "இன்னாய்யா, இன்னும் காத்துல உட்டுக்கினு இருக்கியா?"

அப்புறம் மெக்கானிக்குகளே தேடி வந்தார்கள். வீட்டுக்காரர்கள் தராசு கேட்கிறார்களாம், தராசு இல்லாத மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுகிறார்களாம். சித்திரை பிறந்தபோது மிஷின் மேலிருந்த போர்வையை மடித்து வைத்தார்கள். முதலில் வாரத்தில் இரண்டு நாள் ஓடியது, பிறகு நாலு நாள். பேப்பர் படிக்க மெக்கானிக்குக்கு நேரமில்லை. கம்பெனி எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று சொல்லலாம். நடந்தது என்று சொன்னால் முதலாளியே சிரிப்பார். கத்திரிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவரிடம் போய் நின்றேன்.

"லாபம்னு கையில குடுக்க இப்ப ஒண்ணுமில்ல சார். வர்றது பூரா சிலிண்டர் வாங்கவே போவுது" என்றார். என் முகத்தைப் பார்த்து, "வூட்ல இன்னா சொல்றாங்க?" என்றார்.

"காஜா கட்டுறதுக்கு ஊசி எடுத்து வெச்சிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. தைப்பவளுடைய ஏசிப் பணம் அது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

கத்திரி தொடங்குகிற அன்று மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. பொம்மையார்பாளையத்து விடுதி கழித்துக்கட்டிய ஏசி ஒன்று. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, குழாய் மாற்றி, மெக்கானிக்கே கொண்டுவந்திருந்தார். முதலாளி கொடுத்தனுப்பியது. மாடி அறையில் மாட்டி முடித்துவிட்டு, கம்பெனி சிலிண்டரை எடுத்தார்.

"இரு" என்றாள் மனைவி. "தராசு எங்க?"

"அக்கா, இது நம்ம கம்பெனி கேஸு..."

"இருக்கட்டும். வெச்சுக் காட்டு."

தராசு வந்தது. அவள் குனிந்து, ஏற்றுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் பார்த்து, என் கார்டு ஒன்றின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். என் கால் எங்கே இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்தாள்.

மெக்கானிக் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அவள் உள்ளே போய் ஏசியைப் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு முகூர்த்தப் பட்டு. நான் கீழே கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பார்த்தேன், முடியவில்லை. மேலே ஏறிக் கதவை அகலத் திறந்து, நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து சில்லென்று முகத்தில் அடித்தது. அவள் மணிக்கட்டில் துண்டு இல்லை.

இந்த நாளுக்காக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். பொம்மையார்பாளையத்துக் கடல்காற்றில் கரைய இருந்த கேஸைப் பிடித்து, திண்டிவனத்தில் சுத்தம் பண்ணி, விழுப்புரத்தில் நம் வீட்டு மாடிக்கே கொண்டுவந்து சேர்த்தது யார், அன்றைக்கு எல்லோரும் சிரித்தபோதும் அசராமல் நின்றது யார் என்று விலாவாரியாகச் சொன்னேன். யோசனை யாருடையது என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனேன். கடைசியில், "பங்குதாரர் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரா இல்லியா? நீயே சொல்லு" என்று முடித்தேன்.

அவள் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கதவ சாத்திக்கினு போங்க."